கேப்பிடல், ஸ்மால் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேப்ஸ் லாக்கைக் கவனிக்காமல் ஒரு பக்கம் ஆங்கிலம் அடித்துவிட்டால், அதை ஒரே நொடியில் ஸ்மால் லெட்டராக்கித் தர இணையத்தில் எத்தனையோ கருவிகள் இருக்கின்றன. நல்ல வசதிதான். ஆனால் அவற்றுக்கு எழுத்து தெரியுமே தவிர, அது எதைக் குறிக்கிறது என்பது தெரியாது.

மூலத்தைத் தனியாகச் சேமிக்காமல் மாற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. எல்லாவற்றையும் கேப்பிடலாக்கிய பிறகு, முன்பு எது பெரியது எது சிறியது என்பதற்குத் தடயமே இருக்காது. 'சென்டன்ஸ் கேஸ்' கொடுத்தாலும் வாக்கியத்தின் முதல் எழுத்துதான் பெரிதாகும். நடுவில் வரும் மதுரையும் திருச்சியும் ஸ்மால் லெட்டரிலேயே கிடக்கும். ஒவ்வொன்றாகக் கையால்தான் திருத்த வேண்டும்.

ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கும் 'டைட்டில் கேஸ்' இன்னொரு வகைத் தொல்லை. டிஎன்பிஎஸ்சியில் முதல் டி மட்டும் பெரிதாக நிற்கும். எக்செலின் ப்ராப்பர் ஃபார்முலா, அபாஸ்ட்ரஃபி எனும் ஒற்றை மேற்கோள் குறிக்குப் பின்னால் வரும் எஸ்ஸையும் கேப்பிடலாக்கிவிடும். பெயர்ப் பட்டியலை மாற்றினால் இனிஷியல்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அறிவியல் பாடக் குறிப்புகளை மொத்தமாக மாற்றவே கூடாது. சிறிய எம் போட்டால் மில்லிவாட், பெரிய எம் போட்டால் மெகாவாட். இரண்டுக்கும் 100 கோடி மடங்கு வித்தியாசம். சி, ஓ இரண்டும் பெரிதானால் கார்பன் மோனாக்சைடு, ஓ மட்டும் சிறிதானால் கோபால்ட். மாணவர் கைக்குப் போகிற தாளில் இது சின்னப் பிழை இல்லை. இணையதள இணைப்புகளும் அப்படித்தான். தளத்தின் பெயர் எப்படி இருந்தாலும் திறக்கும், ஆனால் யூடியூப் வீடியோவின் அடையாளக் குறியில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த வீடியோ வராது.

அப்புறம், ஆதார் எண், சம்பள விவரம் உள்ள ஆவணத்தை முன்பின் தெரியாத தளத்தில் ஒட்டாதீர்கள். வேர்டிலேயே வேண்டிய வரியை மட்டும் தேர்ந்தெடுத்து ஷிப்ட்டோடு எஃப்3 அழுத்தினால் வேலை முடிந்தது. கூகுள் டாக்ஸிலும் ஃபார்மட் மெனுவில் இந்த வசதி உண்டு.

நம்மவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது பழைய பாமினி கோப்புகளை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய பழைய எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை அர்த்தமில்லாத ஆங்கிலம்போலத் தெரியும். பெரிய, சிறிய எழுத்துகள் கலந்திருப்பதைப் பார்த்து ஒழுங்குபடுத்தத் தோன்றும். தொடவே கூடாது. பாமினியில் சிறிய ஜே 'த', பெரிய ஜே 'து'. சிறிய கே 'ம', பெரிய கே 'மு'. கேப்பிடலாக்கினால் 'தமிழ்' என்ற சொல்லே 'துமு' என்று தொடங்கிச் சிதைந்துவிடும். ஸ்மாலாக்கினாலும் அதே கதிதான்: 'து' எல்லாம் 'த' ஆகிவிடும், எது முன்பு எதுவாக இருந்தது என்று பிரிக்கவே முடியாது. ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் எத்தனையோ சிறப்பு மலர்களும் சங்கக் குறிப்புகளும் இன்னும் பாமினியில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு வேறு பிரதி இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

அதனால் முதலில் தமிழ்ப் பகுதியை மட்டும், தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு தரும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இடையில் உள்ள உண்மையான ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துப் போட்டால் அவை தமிழ்க் குப்பையாகிவிடும். யூனிகோடுக்கு வந்தபின் கவலையில்லை. எந்தக் கருவியில் போட்டாலும் தமிழ் எழுத்து அப்படியே இருக்கும், ஆங்கிலம் மட்டும் மாறும்.