உறிஞ்சாது, தள்ளும்: வீட்டு பீர் தயாரிப்பில் 12 வோல்ட் பம்பைக் கெடுக்கும் தவறுகள்

கொதிக்கும் வோர்ட் (முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டிலிருந்து எடுத்த, இன்னும் நொதிக்காத சாறு) நிறைந்த 25 லிட்டர் பாத்திரத்தைத் தூக்கிச் சாய்ப்பதுதான் வீட்டில் பீர் காய்ச்சுவதிலேயே ஆபத்தான வேலை. உள்ளங்கையில் அடங்கும் 12 அல்லது 24 வோல்ட் டிசி பம்ப் ஒன்று இருந்தால் அந்த வேலையே தேவையில்லை. ஆனாலும் நான்கைந்து முறை காய்ச்சியதுமே பம்ப் கத்தத் தொடங்கும், வேகம் குறையும், பிறகு நின்றுவிடும். பம்ப் மட்டமானது என்று ஒதுக்குவதற்கு முன் அதைப் பொருத்திய விதத்தைப் பார்க்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். இந்தப் பம்புகளில் இம்பெல்லரும் (திரவத்தைத் தள்ளும் சுழல் சக்கரம்) காந்தமும் ஒரே துண்டு. அது மெல்லிய செராமிக் தண்டின் மீது திரவத்துக்குள்ளேயே சுழல்கிறது. மின்சுருள் பிளாஸ்டிக் சுவருக்கு வெளியே இருப்பதால் கசியக்கூடிய சுழல் சீல் எதுவும் இல்லை. தண்டுக்கு வழவழப்பும் குளிர்ச்சியும் தருவது ஓடும் திரவம்தான். காற்று நிரம்பியிருந்தால் இந்தப் பம்பால் திரவத்தை மேலே இழுக்க முடியாது. திரவம் இல்லாமல் சுழலவிட்டால் தண்டும் புஷ்ஷும் (தண்டைச் சுற்றிய வளையம்) சூடேறித் தேயும். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பல இந்த இரண்டையும் மறப்பதால் வருபவை.

பம்பை மேலே வைப்பது

மேசையில் கெட்டிலுக்கு (காய்ச்சும் பாத்திரத்துக்கு) பக்கத்திலேயே பம்பையும் வைப்பதுதான் முதல் தவறு. பம்பின் இடம் கெட்டில் வால்வுக்குக் கீழே, குறைந்தது 30 செ.மீ. தாழ்வாக. உள்வரும் குழாய் குட்டையாக, ஒரே சரிவாக இறங்க வேண்டும். நடுவில் ஒரு மேடு இருந்தாலும் காற்று அங்கே தங்கி ஏர் லாக் ஆகும். பம்பின் வெளிவாய் மேல்நோக்கி இருக்கட்டும். அப்போதுதான் உள்ளே சிக்கிய குமிழிகள் தாமாக மேலேறும்.

தொடங்கும் வரிசையும் முக்கியம். முதலில் வெளிவாய் வால்வை முழுக்கத் திறக்கவும். அடுத்து கெட்டில் வால்வைத் திறக்கவும். வெளிக்குழாயின் முனையைக் கெட்டிலில் உள்ள திரவ மட்டத்துக்குக் கீழே பிடித்தால், பம்ப் ஓடாமலேயே திரவம் நிரம்பி முனை வரை வந்துவிடும். அது வந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். ஓடும்போது சத்தம் மெல்லிசாகி ஓட்டம் நின்றால் காற்று புகுந்திருக்கிறது. அணைத்து, ஐந்து பத்து விநாடி விட்டு, மீண்டும் போடவும். ஓட்டிக்கொண்டே இருந்தால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது.

உள்வாயில் வால்வைத் திருகிக் குறைப்பது

மிக அதிகமாகக் கெடுதல் செய்வது இதுதான். ஓட்டம் அதிகமாக இருக்கிறதே என்று கெட்டில் வால்வைப் பாதி மூடுவார்கள். உடனே பம்பின் உள்வாயில் அழுத்தம் குறைகிறது. குளிர்ந்த நீராக இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. 66 டிகிரி மாஷிலும் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டம்) ஓரளவு தாங்கும், ஏனென்றால் அந்த வெப்பத்தில் நீரின் ஆவியழுத்தம் சுமார் 26 கிலோபாஸ்கல்தான். 98 டிகிரி வோர்ட்டில் அது சுமார் 94. காற்றழுத்தமோ 101. இடையில் இருப்பது 7 கிலோபாஸ்கல் மட்டுமே. கெட்டிலில் உள்ள திரவமும் அதற்குக் கீழே இறங்கும் குழாயும் சேர்ந்து, 30 செ.மீ. உயரத்துக்குச் சுமார் 3 கிலோபாஸ்கல் வீதம் கூடுதலாகத் தரும். வால்வு அதை விழுங்கிவிட்டால் வோர்ட் பம்புக்குள்ளேயே கொதிக்கும். இம்பெல்லர் ஆவிக் குமிழியில் சுழலும், ஓட்டம் நிற்கும், சரளைக் கற்கள் உருளுவதுபோல ஒரு சத்தம் கேட்கும். வறண்டு ஓடுவதால் வரும் தேய்மானம் இங்கேயும் வரும்.

விதி எளியது: உள்வாய்ப் பக்கம் எல்லாம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பால் வால்வு (உள்ளே உருண்டை சுழலும் வகை) வெளிவாயில் இருக்க வேண்டும். இம்பெல்லர் பம்பில் வெளிவாயைச் சிறிது நேரம் முழுக்க மூடினாலும் ஆபத்தில்லை. திரவம் உள்ளேயே சுற்றும், மின்சாரமும் குறைவாகவே செலவாகும். நிமிடக்கணக்கில் அப்படியே விடக் கூடாது, உள்ளே சூடேறும். டயஃப்ரம் பம்புக்கு (சவ்வு அசைந்து திரவத்தைத் தள்ளும் வகை) இது பொருந்தாது. அதன் வெளிவாயை மூடினால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய்க் குழாய் கழன்றுவிடும். சூடான வோர்ட்டுக்கு டயஃப்ரம் பம்ப் பொதுவாகவே ஒத்துவராது.

மென்மையான சிலிக்கான் குழாயும் உள்வாய் வால்வைப்போலவே தொல்லை தரும். சூட்டில் அது தளர்ந்து, வளைவில் மடிந்து, உறிஞ்சும் பக்கத்தில் சப்பையாகும். உள்வாய்க்குத் தடித்த சுவருள்ள குழாயையே பயன்படுத்தவும்.

பெட்டியில் உள்ள எண்ணை நம்புவது

நிமிடத்துக்கு 8 லிட்டர், உயரம் 3 மீட்டர் என்று போட்டிருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. 8 லிட்டர் என்பது உயரமே இல்லாதபோது வரும் ஓட்டம். 3 மீட்டர் என்பது ஓட்டமே நின்றுபோகும் உயரம். நடுவில் குழாய், முழங்கை, சில்லர் (வோர்ட்டைக் குளிர்விக்கும் கருவி) எல்லாம் தத்தம் பங்கை எடுத்துக்கொள்ளும். நிப்பிளைக் கவனியுங்கள்: 12 மி.மீ. குழாய்க்குள் செருகும் நிப்பிளின் உள்துளை 9 மி.மீ. என்றால், வழி பாதியை ஒட்டிக் குறுகிவிட்டது. பிளேட் சில்லர் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் கடுமையாகத் தெரியும். கெட்டிலில் வெறும் நீர் ஊற்றி, எல்லாவற்றையும் பொருத்தி, 4 லிட்டர் வாளி எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பார்ப்பதே உண்மையான அளவு.

வெப்ப வரம்பையும் வாங்கும்போதே படிக்க வேண்டும். வெளித்தோற்றம் ஒரே மாதிரி இருந்தாலும் 60 டிகிரி வரை மட்டும் தாங்குபவையும் 100 டிகிரி தாங்குபவையும் விற்கின்றன. ஃபுட் கிரேடு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மீன்தொட்டிக்கும் சோலார் ஹீட்டருக்கும் செய்த எல்லாப் பம்பும் குடிக்கும் பொருளுக்கு ஏற்றதல்ல.

பிளாஸ்டிக் மரையை முறுக்குவது

அரை அங்குல மரையில் பிஎஸ்பி, என்பிடி என இரண்டு வகை உண்டு. இரண்டிலும் அங்குலத்துக்கு 14 மரைதான், அதனால் ஒன்றில் மற்றொன்று சில சுற்று ஏறிவிடும். மரையின் கோணமோ 55 டிகிரியும் 60 டிகிரியும். கசிவதைப் பார்த்து ஸ்பேனரால் இறுக்கினால் பம்பின் பிளாஸ்டிக் வாய் பிளக்கும். பொருந்தும் வகையைத் தேடி வாங்கி, டெஃப்லான் டேப் மூன்று நான்கு சுற்று சுற்றி, கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று போதும். கனமான ஸ்டீல் வால்வை நேராகப் பம்பின் வாயில் தொங்கவிடவும் கூடாது. பம்பைப் பலகையில் திருகி, வால்வைக் குழாயின் மறுமுனையில் வையுங்கள்.

ஹாப்ஸ், தவிடு, இரும்புத்தூள்

பம்பின் முன்னால் நுண்ணிய ஃபில்டர் வைப்பது நல்லதுபோலத் தோன்றும். அது ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) துகளால் அடைபட்டால், உள்வாய் வால்வை மூடியதற்குச் சமம். வலை கெட்டிலுக்குள்ளேயே, பரப்பு அதிகமாக இருக்கட்டும். புதிதாகத் துளையிட்ட கெட்டிலை முதல் முறை நன்றாகத் துடைத்துக் கழுவவும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்கூடத் துளையிடும்போது வரும் சீவல் ஓரளவு காந்தத்தில் ஒட்டும். உள்ளே காந்தம் சுழல்கிறது என்பதால் அது போய் ஒட்டிக்கொள்ளும் இடம் இம்பெல்லர்தான்.

மாஷ் சுற்றோட்டத்தில் அவசரம் வேண்டாம். மால்ட் 10 நிமிடம் படியட்டும். நிமிடத்துக்கு 1 லிட்டரில் தொடங்கி மெல்ல 2, 3 லிட்டருக்கு ஏற்றவும். முதலிலேயே முழு வேகத்தில் இழுத்தால் தானியப் படுகை சல்லடைத் தட்டின் மீது இறுகி, கீழே திரவம் வற்றி, பம்ப் வறண்டு ஓடும். அப்படி அடைத்தால் பம்பை அணைத்து, படுகையைக் கிளறி, மறுபடி படியவிட வேண்டும்.

மின் இணைப்பு

12 வோல்ட் உடலுக்கு ஆபத்தில்லை என்பது சரி. அந்த 12 வோல்ட்டைத் தரும் அடாப்டரின் மறுபக்கம் வீட்டு மின்சாரம் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அடாப்டர் கெட்டிலைவிட உயரத்தில், நீர் தெறிக்காத இடத்தில், 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) வழியாக இருக்க வேண்டும். பம்புக்கு வரும் வயர் ஒரு தொங்கல் வளைவு விட்டு வந்தால் அதில் வழியும் நீர் பம்புக்குள் போகாமல் கீழே சொட்டும். டிசி வழியில் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் போடவும்.

பம்ப் 2 ஆம்பியர் இழுக்கிறது என்றால் 2 ஆம்பியர் அடாப்டர் போதாது, தொடங்கும் நொடியில் அது தடுமாறும். 3 ஆம்பியராவது வேண்டும். மெல்லிய வயர் இன்னொரு மறைமுகத் திருடன். 0.2 சதுர மி.மீ. வயரில் 5 மீட்டர் தூரத்துக்கு, போக வர 10 மீட்டரில், 2 ஆம்பியருக்குச் சுமார் 1.7 வோல்ட் போய்விடும். சுழல்வேகமும் அதற்கேற்பக் குறைந்தால், தூக்கும் உயரம் வேகத்தின் வர்க்கத்தில் குறைவதால், கால் பங்கு உயரம் காணாமல் போகும். 0.75 சதுர மி.மீ. போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். சிவப்பு, கறுப்பை மாற்றிக் கொடுத்தால் சில பம்புகளின் உள் சர்க்யூட் அங்கேயே எரியும்.

வேகத்தைக் குறைக்க எல்இடி விளக்குக்கான டிம்மரைச் செருகுவது இன்னொரு பிழை. பிரஷ் இல்லாத மோட்டாருக்குள் தனி எலக்ட்ரானிக் சர்க்யூட் இருக்கிறது. டிம்மர் மின்சாரத்தை நொடிக்குப் பலமுறை துண்டித்துத் துண்டித்துக் கொடுப்பதை அது ஏற்பதில்லை. வேகக் கட்டுப்பாட்டுக்கெனத் தனி வயர் உள்ள மாடலாக இருந்தால் மட்டும் அதைப் பயன்படுத்தவும். மற்றதற்கு வெளிவாய் வால்வே போதும்.

கழுவாமல் எடுத்து வைப்பது

நீரை ஓடவிட்டால் மட்டும் போதாது. சர்க்கரையும் புரதமும் தண்டின் அடியில் படிந்து, அடுத்த முறை இம்பெல்லர் ஒட்டிக்கொள்ளும். லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் சோடியம் பெர்கார்பனேட் கலந்த 60 டிகிரி நீரை 20 நிமிடம் சுற்றவிட்டு, பிறகு நல்ல நீரால் அலசவும். சில முறைக்கு ஒருமுறை திருகுகளைக் கழற்றி, இம்பெல்லரை வெளியே எடுத்து, தண்டையும் ஓ-ரிங்கையும் பார்க்க வேண்டும். மாட்டும்போது ஓ-ரிங் பள்ளத்தில் சரியாக உட்காராவிட்டால் காற்று இழுக்கும். காரணம் புரியாத குமிழிகளுக்கு இதையும் சந்தேகிக்கலாம்.

கிருமிநீக்கத்துக்குக் கொதியின் கடைசி 10 முதல் 15 நிமிடம், 100 டிகிரி தாங்கும் பம்ப், குழாய், சில்லர் மூன்றிலும் வோர்ட்டைச் சுற்றவிடுங்கள். நொதித்து முடிந்த பீரை மட்டும் இந்தப் பம்பால் மாற்ற வேண்டாம். இணைப்புகளில் இழுக்கும் காற்றும் சிலிக்கான் சுவர் வழியே ஊடுருவும் ஆக்சிஜனும் பீரின் மணத்தைக் கெடுக்கும். அதற்குப் புவியீர்ப்போ கார்பன் டைஆக்சைடு அழுத்தமோதான் சரி. பம்பை உலர்த்தி எடுத்து வைக்கும்போது வால்வுகளைத் திறந்தே விடுங்கள். மூடிய பால் வால்வின் உருண்டைக்குள் தங்கும் வோர்ட் அங்கேயே புளித்துக் கிடக்கும்.