குழந்தையின் மரபணு ஆய்வு முடிவு: எதை, எப்போது, யாரிடம் சொல்வது

வலிப்புக்குக் காரணம் தேடி ஒரு குழந்தையின் எக்சோமை (மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகள் முழுவதையும்) வாசித்தால், மார்பகப் புற்றுநோய் தரக்கூடிய பிஆர்சிஏ1 மரபணு மாற்றமும் கண்ணில் படலாம். அதைச் சொல்வதா வேண்டாமா என்பதை அன்றைக்கு உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. ஆய்வுத் திட்டம் எழுதும்போதே முடிவு செய்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வாங்கிவிட வேண்டும்.

முதலில் மரபணுக்களை வகை பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இது தெரிந்தால், 18 வயதுக்குள் இந்தப் பிள்ளைக்கு ஏதாவது மாற்றிச் செய்வோமா? கண் புற்றுநோய் தரும் ஆர்பி1 மாற்றம் என்றால் பிறந்த நாளிலிருந்தே கண் பரிசோதனை. தைராய்டு புற்றுநோய் தரும் ஆர்இடி மரபணுவில் 918-ம் இடத்து மாற்றம் என்றால் முதல் ஆண்டிலேயே தைராய்டை எடுப்பார்கள். 634-ம் இடம் என்றால் 5 வயதுக்குள். ஆர்ஒய்ஆர்1 மரபணுவில் மாற்றம் இருந்தால் சில மயக்க மருந்துகளை அந்தக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. இவை சொல்லியே ஆக வேண்டியவை. பெரும்பாலும் நடுவயதில் மூளையைத் தாக்கும் ஹண்டிங்டன் நோய் எதிர்முனை: சிறுவயதில் செய்வதற்கு ஒன்றுமில்லை, மூடி வையுங்கள். தலசீமியா என்ற ரத்த நோயின் கேரியர் (நோயில்லாமல் மரபணு மாற்றத்தை மட்டும் சுமப்பவர்) என்பதும் குழந்தையைப் பொறுத்தவரை காத்திருக்கலாம். பெண் பிள்ளையானால் அந்தச் சேதி கல்யாணப் பேச்சு வரை துரத்தும். ஆனால் பெற்றோர் இருவருமே கேரியர் என்பது அவர்களுடைய அடுத்த கர்ப்பத்துக்கு வேண்டிய தகவல். அதை மறைக்கக் கூடாது.

பிஆர்சிஏ1 இடையில் மாட்டிக்கொள்கிறது. பிள்ளைக்கு இப்போது செய்ய ஒன்றுமில்லை. ஆனால் அதைக் கொடுத்த 32 வயதுத் தாய்க்கு உயிர்காக்கும் சேதி. அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013-ல், தற்செயலாகக் கண்டாலும் சொல்ல வேண்டிய 56 மரபணுக்களின் பட்டியலை வெளியிட்டபோது வயது வேறுபாடு பார்க்காததற்கு இதுவும் ஒரு காரணம். ‘அம்மாவுக்கு மட்டும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமே’ என்று மறைமுகமாகச் சொல்வது எடுபடாது, ஏன் என்று அவர்கள் உடனே கேட்பார்கள். ஆகவே ஒப்புதல் படிவத்திலேயே தனிக் கட்டமாக வையுங்கள்: ‘பெரியவர்களுக்கு வரும் நோய் பற்றித் தெரியவந்தால், பெற்றோர் நலனுக்காகச் சொல்லலாமா?’ தேடிப்போன நோய், வேறு குழந்தைப் பருவ நோய், பெரியவர் நோய் என மூன்றுக்கும் மூன்று டிக். ஒரே டிக்கில் எல்லாவற்றையும் அடைக்காதீர்கள்.

பிள்ளையின் இசைவும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி 7 முதல் 12 வயது வரை பெற்றோர் முன்னிலையில் வாய்மொழி இசைவு, அதைப் பதிவு செய்ய வேண்டும். 12 முதல் 18 வரை எழுத்தில்.

ஆய்வுக்கூடத்தில் கண்டதை அப்படியே கொடுக்காதீர்கள். ஒரே நாளில் ரத்தம் எடுத்த அண்ணன் தம்பியின் குழாய்கள் மாறிவிடலாம். புது ரத்தம் எடுத்து, என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில், அந்த இடத்தை மட்டும் தனியே வாசிக்கும் சாங்கர் முறையில் உறுதி செய்யுங்கள். இதற்கும் ஆலோசனைக்கும் ஆகும் செலவு பட்ஜெட்டில் இல்லையென்றால், முடிவு சொல்வோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பொருள் தெளிவாகாத மாற்றங்களைச் சொல்லவே வேண்டாம். நன்கு அறியப்பட்டவையும் ஏமாற்றும்: இதயத் தசைக்கான எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்து விடுபடுவது தெற்காசியரில் 100-க்கு 4 பேரிடம் இருக்கிறது. அத்தனை பேரையும் இதய நோயாளி என்றால் என்ன ஆகும்?

நம் ஊருக்கே உரிய பொறி ஒன்று உண்டு. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் பிறந்த பிள்ளையின் மரபணுத் தொகுதியில் சராசரியாக 6.25 சதவீதம், தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரு பிரதியிலும் ஒன்றாக இருக்கும். தாய்மாமனைக் கட்டியவருக்குப் பிறந்தால் 12.5. இந்த வழக்கம் தெரியாதவர் அந்த எண்ணைப் பார்த்து வேறு ஏதோ நினைத்துவிடுவார். எனவே குடும்ப மரத்தை முதலிலேயே கேட்டு வரைந்து வையுங்கள். 25-ஐ ஒட்டி வந்தால் கதை வேறு: தந்தை–மகள், அண்ணன்–தங்கை போன்ற மிக நெருங்கிய உறவில் பிறந்த பிள்ளையாக இருக்கலாம். தாய் 18-க்குக் கீழ் கருவுற்றவர் என்றால் போக்சோ சட்டப்படி தகவல் தரும் கடமை வருகிறது. குடும்பத்திடம் பேசும் முன் நெறிமுறைக் குழுவிடம் போங்கள். தந்தை வேறு என்று தெரிந்தால் அதைச் சொல்வதில்லை. சொல்ல மாட்டோம் என்பதும் படிவத்தில் முன்பே இருக்கட்டும். அறிக்கையில் தாய், தந்தை மரபணு அட்டவணையையும் அச்சடிக்காதீர்கள்.

சொல்லும் நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பும் வேலை கூடாது. யார் யார் உள்ளே வரலாம் என்று பெற்றோரைத் தனியே கேட்டுவிட்டுக் கதவைத் திறங்கள். பாட்டி உள்ளே இருந்தால் முதல் கேள்வி பெரும்பாலும் ‘யார் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?’ என்பதுதான். தாய்வழி வரும் டூஷேன் தசைச் சிதைவு நோயிலும் மூன்றில் ஒரு பங்கு புதிதாகத் தோன்றுவது; தாயைப் பரிசோதிக்காமல் ‘அம்மா வழி’ என்று வாயைத் திறக்காதீர்கள். இப்படிச் சொல்லலாம்: ‘இந்த மாதிரி மாற்றம் ஒவ்வொருத்தர் உடம்புலயும் சிலது இருக்கு. யாரும் செஞ்சதாலயோ சாப்பிட்டதாலயோ வந்ததில்ல.’ கையில் ஒரே ஒரு பக்கம் கொடுங்கள்: மரபணுவின் பெயர், அடுத்துச் செய்ய வேண்டியது, வர வேண்டிய தேதி, தொலைபேசி எண். இரண்டு வாரம் கழித்து நீங்களே கூப்பிடுங்கள். கேள்விகள் அப்போதுதான் வரும்.

மூடி வைத்தவை 18 வயதில் அந்தப் பிள்ளைக்கு உரியவை. அன்று மறு ஒப்புதல் கேட்க வேண்டும். சேரும்போதே மூன்று தொடர்பு எண்கள் வாங்குங்கள். கோப்பின் பொறுப்பு ஆய்வாளர் பெயரில் அல்லாமல் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும், ஆய்வாளர் மாறிப் போவார்.

கட்டுரை வெளியிடும்போது முகப் படத்தைவிடக் குடும்ப மரம்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். ஊர், சாதி, அரிய நோய், ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவர் என்ற நான்கும் சேர்ந்தால் உறவினர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஊரையும் சாதியையும் எடுத்துவிட்டு, நோயில்லாதவர்களை ஆணா பெண்ணா என்று காட்டாமல் வைரக் குறியாக வரைந்தாலே பெரும்பாலும் போதும்.