முகம் தெரியாதவரோடு விவாதம்: நாங்கள் விடுகிற பிழைகள்

2019இல் யாழ்ப்பாணத்தில் ஸ்மார்ட் விளக்குக் கம்பங்கள் நடத் தொடங்கியபோது, ‘5ஜி கோபுரம் வருகுது, புற்றுநோய் வரும்’ என்று பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. அப்போது முகநூலில் முன்பின் தெரியாத ஒருவரோடு நடுச்சாமம் வரை வாதாடினேன். ‘உலக சுகாதார நிறுவனமே சொல்லிட்டுது’ என்று அவர் எழுதினார். ‘முதல்ல படிச்சுப்போட்டு வந்து கதையும்’ என்று நான் எழுதினேன். அந்த ஒரு வரியில் இரண்டு பிழை இருந்தது.

ஒன்று, நானும் படித்திருக்கவில்லை. அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011இல் ரேடியோ அலைகளை 2பி என்ற பிரிவில் சேர்த்தது. சந்தேகம் இருக்கிறது, ஆனால் போதிய ஆதாரம் இல்லை என்பதுதான் 2பியின் பொருள். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ‘நீங்கள் சொல்வது சரி, அப்படி ஒரு அறிவிப்பு வந்தது, ஆனால் அதன் பொருள் இது’ என்று தொடங்கியிருந்தால் அவர் ஒரு நிமிடமாவது நின்று வாசித்திருப்பார். எதிரே இருப்பவர் சொல்வதில் எது சரி என்று பார்க்காமல் முழுவதையும் தள்ளிவிடுவதுதான் தொழில்நுட்ப விவாதங்களில் நான் அதிகம் காணும் பிழை.

மற்றது, ‘கதையும்’. ‘நீர் பேசும்’ என்று பொருள். எங்கள் ஊரில் ‘நீர்’ என்பது பழகியவர்களுக்கு இடையில் அன்பான சொல். முகம் தெரியாதவருக்கு அதே சொல் கன்னத்தில் அறைவது மாதிரி. எழுத்தில் குரலும் இல்லை, சிரிப்பும் இல்லை. ‘நீங்கள்’ என்று தொடங்கிய பேச்சு ‘நீர்’ என்று இறங்கினால், ‘நீ’ வர அதிக நேரம் எடுக்காது. அதற்குப் பிறகு 5ஜியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எவ்வளவு கோபம் வந்தாலும் ‘நீங்கள்’ஐ விடாதீர்கள்.

சமூகப் பிரச்சினைகளைப் பேசும்போது இன்னொன்று வரும்: ‘நீங்கள் எவடம்?’ சாதாரண விசாரிப்புப் போலத் தெரியும். ஊரைச் சொன்னால் குறிச்சியைக் கேட்பார்கள், குறிச்சியைச் சொன்னால் ‘ஆற்றை பிள்ளை?’ (யாருடைய பிள்ளை) என்பார்கள். இந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். சீதனம் பற்றியோ கோயில் பற்றியோ ஒருவர் சொன்ன கருத்துக்கு, அவருடைய சாதியைத் தேடிப் பதில் எடுப்பது அசிங்கம். கேட்காதீர்கள். உங்களிடம் கேட்டால், ‘அதுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?’ என்று கேட்டுவிட்டு விஷயத்துக்குத் திரும்புங்கள்.

நேரத்தையும் பாருங்கள். கோடையில் இங்கே நடுச்சாமம் என்றால் டொரண்டோவில் பின்னேரம் இரண்டரை. அங்கே இருந்து வாதாடுபவர் தெளிவாக இருக்கிறார், நீங்கள் தூக்கக் கலக்கத்தில் எழுதுகிறீர்கள். காலையில் எழுதலாம். அப்புறம், ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டதை உறுதி செய்யாமல் எழுதவே கூடாது. அந்த மனிதருக்கு வரும் தீங்கு ஒருபுறம் இருக்க, இணையப் பதிவுகள் பற்றிய இலங்கையின் 2024 நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் பொய்யான கூற்றுகளுக்குச் சிறைத் தண்டனையும் உண்டு.

அரசியலுக்கு வந்தால், பாதி எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறோம். 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பிறகு, ‘யாழ்ப்பாணத்தில பாதி தேசிய மக்கள் சக்திக்குப் போயிட்டுது’ என்றார் ஒருவர். ‘நாலில ஒரு பங்குகூட இல்லை’ என்றார் இன்னொருவர். ஆறு ஆசனங்களில் மூன்று, தெற்கை மையமாகக் கொண்ட அந்தக் கட்சிக்குக் கிடைத்தது. வாக்கு 25 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டுமே சரி. முதலாவதாக வரும் கட்சிக்கு ஒரு ஆசனம் மேலதிகமாகப் போகிறது, மிச்ச வாக்குகள் பல கட்சிகளுக்கும் சுயேச்சைக் குழுக்களுக்கும் சிதறின. அந்தத் தேர்தல் மாவட்டத்துக்குள் கிளிநொச்சியும் அடக்கம் என்பதை இருவருமே சொல்லவில்லை. ‘எந்தக் கணக்கைச் சொல்லுறீங்கள், ஆசனமா வாக்கா?’ என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

ஆனால் அந்த விவாதம் எண்ணில் நிற்கவில்லை, ஏன் அந்தக் கட்சிக்குப் போட்டார்கள் என்று திரும்பியது. ‘வேலை இல்லாத பெடியள் வேறென்ன செய்யிறது?’ என்று ஒரு இளைஞர் எழுதினார். வெளிநாட்டில் இருந்து ஒருவர் உடனே கேட்டார்: ‘2009இல நீர் எங்க இருந்தனீர்?’

‘மெனிக் பாம் முகாமில. எனக்கு எட்டு வயசு.’

போரின் கடைசியில் வன்னியில் இருந்து வந்த மக்களை அடைத்து வைத்த முகாம் அது. கேட்டவர் கொஞ்ச நேரத்தில் தன் கேள்வியை அழித்துவிட்டார். அந்தப் பதில் மட்டும், எதற்கு எழுதியது என்று தெரியாமல், தனியே அங்கே நின்றது.