நகத்தை மட்டும் எண்ணி ஏமாற வேண்டாம்: சீன டிராகன் அங்கிகளைப் பார்க்கும்போது

சீனப் பட்டங்கியில் டிராகனைக் கண்டதும் பலர் நகத்தைத்தான் எண்ணுகிறார்கள். ஒரு காலில் ஐந்து இருந்தால் பேரரசருடையது, நான்கு என்றால் அதிகாரியுடையது என்று முடித்தும் விடுகிறார்கள். விதி ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. சீனாவைக் கடைசியாக ஆண்ட சிங் வம்ச காலத்தில் ஐந்து நகமுள்ளதை ‘லோங்’ என்றும், நான்கு நகமுள்ளதை ‘மாங்’ என்றும் பிரித்தார்கள். 1759-இல் சியான்லோங் பேரரசர் காலத்தில் தொகுத்த விதிகளில் யார் எதை உடுத்தலாம் என்று விரிவாகவே இருக்கிறது. ஆனால் அதிலேயே இளவரசர்களுக்கும் ஐந்து நகம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வந்தால், அதிகாரிகளும் ஐந்து நக டிராகனையே சகஜமாக உடுத்தினார்கள்.

அதனால் நகத்தோடு நிறத்தையும் சின்னங்களையும் சேர்த்துப் பாருங்கள். பளிச்சென்ற மஞ்சள் நிறம். கூடவே சூரியன், சந்திரன், மலை, கோடரி என்று பன்னிரண்டு சின்னங்கள். இவையெல்லாம் ஒன்றாக அமைந்தால்தான் பேரரசருடையதா என்ற பேச்சே எழும்.

ஓர் அங்கியில் எத்தனை டிராகன்கள் என்று எண்ணுவதிலும் தவறு நடக்கிறது. வெளியே பெரிதாகத் தெரிபவை எட்டு. ஒன்பதாவது, முன்பக்க மடிப்புக்கு உள்ளே ஒளிந்திருக்கும். முன்னால் நின்று பார்த்தால் மார்பில் ஒன்று, தோள்களில் இரண்டு, கீழே இரண்டு என்று ஐந்து தெரியும். ஒன்பதும் ஐந்தும் பேரரசருக்குரிய எண்கள். யார் கண்ணுக்கும் படாத இடத்திலும் ஒரு டிராகனை முழுசாகத் தைத்திருக்கிறார்களே, இந்த உடைகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

டிராகனைச் சுற்றியுள்ள சுடர்களை அது கக்கும் நெருப்பு என்று எழுதாதீர்கள். சீன டிராகன் மழைக்கும் நீருக்கும் உரியது. சுடர் விடுவது அது துரத்தும் முத்து. அடியில் ஓடும் சாய்ந்த வண்ணப் பட்டைகளும் வெறும் பார்டர் இல்லை, கடல் நீர்.

எல்லாமே ஊசி வேலை என்றும் நினைக்க வேண்டாம். ‘கெசி’ என்பது தறியிலேயே நெய்த உருவம். ஒவ்வொரு நிற ஊடையும், அதாவது குறுக்கு நூலும், தன் பகுதிக்குள்ளேயே திரும்பிவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் நிறங்கள் சந்திக்கும் இடத்தில் மெல்லிய பிளவுகள் தெரியும்.

அப்புறம், பழைய துணி கையில் இருந்தால் தயவுசெய்து நனைக்காதீர்கள். இந்த அங்கிகளில் மின்னும் பொன்னிழை உலோகக் கம்பி இல்லை. பொன்தாள் ஒட்டிய காகிதத்தை மெல்லிய நாடாவாக நறுக்கி, பட்டு நூலில் சுற்றியது. ஈரம் பட்டால் பொன் உரிந்துவிடும். ஹேங்கரிலும் தொங்கவிடாதீர்கள், இழைகளின் கனத்தில் தோள் தையல் கிழியும். வெயில் படாத இடத்தில் படுக்கைவாட்டில் விரித்து வையுங்கள்.