சின்னப் பிள்ளையோடு முதல் தடவை மண்டபம் மீன் காட்சியகத்துக்கு

எங்கள் அங்கன்வாடிக்கு வரும் அம்மாமார் அடிக்கடி கேட்பார்கள்: "டீச்சர், புள்ளைய எங்கயாச்சும் கூட்டிட்டுப் போகணும், எங்க போகலாம்?" பிள்ளைக்கு இரண்டு வயது ஆகிவிட்டதென்றால் என் பதில் ஒன்றுதான். ராமேஸ்வரம் போகும் வழியில் இருக்கும் மண்டபம் கேம்ப் போங்கள். அங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் மீன் காட்சியகமும் கடல் மியூசியமும் இருக்கின்றன. "ரெண்டு வயசுப் புள்ளைக்கு என்ன புரியப்போகுது?" என்று அடுத்த கேள்வி வரும். நிறையப் புரியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குழந்தைகளுக்கென்றே ஒரு மியூசியம் 1899-இல் அமெரிக்காவின் புரூக்ளினில் திறந்தார்கள். உலகத்தில் அதுதான் முதல். பிள்ளை தொட்டு, எடுத்து, விளையாடிக் கற்க வேண்டும் என்பது அந்த மாதிரி இடங்களின் வழக்கம். நம் கடற்கரையில் அப்படி ஒரு மியூசியம் இல்லாத குறையை மண்டபம்தான் தீர்க்கிறது. 1947-இல் தொடங்கிய நிலையம் அது. தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை மண்டபத்தில்தான் இருந்தது. கண்ணாடிக்குள் இருப்பதைத் தொட முடியாது, உண்மைதான். அதற்கு ஒரு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

நம் ஊர்ப் பிள்ளைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பட்டணத்துப் பிள்ளை மீனை முதலில் படத்தில் பார்க்கும். நம் பிள்ளை தவழ்கிற வயதிலேயே மீன்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். காரல், சூடை, முரல், விளைமீன் எல்லாம் அதற்குத் தெரிந்த முகங்கள். ஆனால் அது பார்த்ததெல்லாம் அசையாத மீன். அதே மீன் வாலை ஆட்டிக்கொண்டு, வாயைத் திறந்து மூடிக்கொண்டு, தன் கண்ணுக்கு நேராக நீந்திப் போவதை முதல் தடவை பார்க்கும்போது பிள்ளைக்குள் ஏதோ ஒன்று சேர்கிறது. என் பேத்தி கண்ணாடிக்கு முன்னால் நின்று, "மீனு நடக்குது" என்றாள். அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

அதனால் தயாரிப்பு மீன்காரம்மாவிடம் தொடங்கட்டும். போகிற வாரத்தில் தினமும் மீன் வாங்கும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் காட்டுங்கள். கண் எங்கே, வால் எங்கே, செதில் எங்கே. ஈரமாக, வழுவழுவென்று இருப்பதைத் தொடட்டும். வீட்டில் சொல்கிற பெயரையே சொல்லுங்கள். இரண்டு வயதில் பல பிள்ளைகள் ஐம்பது வார்த்தை சொல்லும். "அப்பா வா" மாதிரி இரண்டு வார்த்தையைச் சேர்க்கத் தொடங்கும். அந்த ஐம்பதில் "நண்டு"ம் "கணவா"யும் இருக்கட்டும். போனில் மீன் வீடியோ போட்டுக் காட்டித் தயார் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. அதில் மீன் நொடிக்கு நொடி மாறும். தொட்டியில் மீன் தன் நேரத்துக்குத்தான் வரும், காத்திருக்க வேண்டும். வேகத்துக்குப் பழகிய பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பு கஷ்டம்.

யார் கூட்டிப்போவது? முடிந்தால் அப்பா. கடலுக்குப் போகிற அப்பா என்றால் கட்டாயம் அப்பா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில்தான் நிற்கும், அவரும் வீட்டில்தான் இருப்பார். மற்ற மாதங்களில் தொழிலுக்குப் போகாத நாளைப் பாருங்கள். அறிவிப்புப் பலகையில் இருக்கிற பெயரை நாம் வாசிப்போம். அவரோ, "இது களவா, பாறை இடுக்குல கெடக்கும், அந்தா, அது அஞ்சாளை, கிட்டப் போனா கடிக்கும்" என்று சொல்வார். பிள்ளை அப்பாவின் தோளில் உட்கார்ந்து அப்பாவின் தொழிலைப் பார்க்கிறது. நம் வீடுகளில் இது கிடைப்பது அரிது, விட்டுவிடாதீர்கள்.

நேரம் மிக முக்கியம். மதியத் தூக்கத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். காலையில் நன்றாகச் சாப்பிட வைத்து, திறக்கிற நேரத்துக்கே அங்கே நில்லுங்கள். அரசு நிறுவனம் என்பதால் விடுமுறை நாள், திறக்கும் நேரம் இரண்டையும் முதல் நாளே விசாரித்துவிடுங்கள். கேட்டுக்கு வெளியே நின்று திரும்புவதைப் பிள்ளையிடம் விளக்க முடியாது. அமாவாசை அன்று வேண்டவே வேண்டாம். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் ராமேஸ்வரம் ரோடு முழுக்க வண்டிதான், பஸ்ஸில் நிற்கக்கூட இடமிருக்காது. சாதாரண நாளில் ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் பஸ்ஸில் ஏறி மண்டபம் கேம்ப்பில் இறங்கிக்கொள்ளலாம். ஜன்னல் சீட்டில் உட்கார வையுங்கள், உச்சிப்புளி தாண்டினால் பனைமரமே போதும் வேடிக்கைக்கு.

பையில் தண்ணீர், மாற்றுத் துணி இரண்டு, ஒரு துண்டு, வாழைப்பழம், அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவில் பிடித்த உருண்டை. இவ்வளவு போதும். அழுத்தினால் பீப்பீ என்று கத்தும் செருப்பை வீட்டில் வைத்துவிட்டு, வழுக்காத செருப்பாகப் போடுங்கள். தொட்டி இருக்கும் இடத்தில் தரை ஈரமாக இருக்கலாம்.

இனி உள்ளே. மீன் காட்சியகங்களில் தொட்டிக்குள் வெளிச்சமும் ஆள் நிற்கிற இடத்தில் மங்கலும் இருக்கும், காற்று மோட்டார் ஓடுகிற சத்தமும் கேட்கும். வெளி வெயிலிலிருந்து நேராக நுழைந்தால் பெரியவர்களுக்கே கண் தெரியாது, பிள்ளை பயந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும். வாசலிலேயே இடுப்பில் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நில்லுங்கள். "உள்ள மீனு இருக்கு, பாத்துட்டு வருவோம்" என்று காதில் சொல்லுங்கள். அதன் பிடி தளர்ந்த பிறகு நடங்கள்.

முதல் தொட்டியில் அவசரப்படாமல் நில்லுங்கள். பிறகு கீழே குந்துங்கள். இரண்டு வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் 85 சென்டிமீட்டர். அங்கன்வாடியில் மாதாமாதம் அளக்கிறவள் என்பதால் எனக்கு அது மனப்பாடம். அந்த உயரத்திலிருந்து பாருங்கள். நமக்குத் தெரிகிற மீன் அதற்குத் தெரியாது. தொட்டியின் அடியில் மணலுக்குள் ஒளிந்திருக்கும் நண்டு அதற்குத்தான் முதலில் தெரியும். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதையே நீங்களும் பாருங்கள். "இங்க வா, இதைப் பாரு" என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரே தொட்டி முன்னால் பத்து நிமிஷம் நின்றால் நிற்கட்டும். டிக்கெட் காசுக்கு எல்லாத் தொட்டியையும் பார்த்தாக வேண்டும் என்ற எண்ணம் நம்முடையது, பிள்ளையுடையது இல்லை. இரண்டு மூன்று தொட்டியை நன்றாகப் பார்த்தாலே அதற்கு அன்றைய நாள் நிறைந்துவிடும்.

கண்ணாடியைத் தட்டுவார்கள், எல்லாப் பிள்ளைகளும் தட்டுவார்கள். திட்ட வேண்டாம். மீனின் உடம்பில் இரண்டு பக்கமும் ஒரு கோடு போகும். தண்ணீரின் அதிர்வை மீன் அதன் வழியாக உணரும். பெரிய பிள்ளைக்கு இதைச் சொல்லலாம். சின்னதுக்கு, "தட்டுனா மீனு பயந்துரும், கையை இப்படி வையி" என்று உள்ளங்கையைக் கண்ணாடியில் மெல்லப் பதிய வைத்துக் காட்டுங்கள். கண்ணாடியின் குளிர்ச்சி கைக்குத் தெரியும், தட்டுகிற ஆசையும் அதோடு அடங்கிவிடும்.

கடல்குதிரை இருந்தால் அப்பாமார் அங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆண்தான் வயிற்றுப் பையில் குட்டிகளைச் சுமக்கும். "அப்பா வயித்துல பாப்பா" என்று சொல்லித் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டுகிற அப்பாவைப் பார்த்துப் பிள்ளை சிரிக்கும், அதற்குப் பிறகு அந்த மீனை மறக்காது. சிவப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனும் கடல் தாமரையும் சேர்ந்து இருக்கும் தொட்டி கிடைத்தாலும் நல்லது. கடல் தாமரை மற்ற மீன்களைக் கொட்டும். கோமாளி மீனின் உடம்பில் இருக்கும் வழவழப்பு அதைக் காப்பாற்றுகிறது. பிள்ளைக்கு "மீனு ஒளிஞ்சிருச்சு, வந்துருச்சு" என்றாலே போதும். கண்ணாமூச்சி அதற்குத் தெரிந்த விளையாட்டுதானே.

மியூசியப் பகுதியில் குடுவைக்குள் மருந்துநீரில் போட்ட உயிர்கள் இருக்கும். சின்னப் பிள்ளைக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, வேகமாகக் கடந்துவிடலாம். பெரிய உருவங்களிடம் மட்டும் நில்லுங்கள், ஆமை, சங்கு, எலும்பு என்று எதுவானாலும். ஆவுளியாவைப் பற்றி ஏதாவது வைத்திருந்தால் தூக்கிக் காட்டுங்கள். புல் மேய்கிற கடல் பிராணி அது, குட்டிக்குப் பால் கொடுக்கும். 1959 வாக்கில் ஒரு ஜோடியை இதே மண்டபத்தில் வளர்த்து, அதைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் தாத்தாமார் வலையில் பார்த்ததைப் பேரப்பிள்ளைகள் கடலில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு முதலில் பிள்ளைக்கு அதன் பெயர் தெரிய வேண்டும்.

கண்ணைக் கசக்கினால், தரையில் உட்கார்ந்தால், பார்க்காமல் ஓடத் தொடங்கினால் கிளம்புங்கள். அழுகை வரும்வரை காத்திருக்காதீர்கள். சிரித்த முகத்தோடு வெளியே வந்த பிள்ளைதான் மறுபடியும் போகலாம் என்று கேட்கும்.

தொடுவதற்கு ஒரு வழி இருக்கிறது என்றேனே, அது அரியமான். திரும்பும் வழியில் பாக் விரிகுடாப் பக்கம் இருக்கும் கடற்கரை. அலை மெதுவாக இருக்கும், ஓரத்தில் ஆழம் குறைவு, சவுக்குத் தோப்பு நிழலும் உண்டு. முதலில் நிழலில் சோற்றை ஊட்டித் தூங்க வையுங்கள். வெயில் தாழ்ந்து எழுந்த பிறகு கையைப் பிடித்து ஈர மணலில் இறக்குங்கள், ஒரு நொடிகூடக் கையை விடாமல். கண்ணாடிக்குள் பார்த்த நண்டின் சின்னச் சொந்தக்காரர்கள் அங்கே ஓடும். காலிச் சிப்பியைக் கையில் வைத்து உருட்டட்டும். பவளப்பாறைத் துண்டு கிடந்தால் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். 2001 முதல் பவளத்தைச் சட்டம் பாதுகாக்கிறது, வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது. சிப்பி வாய்க்குள் போகிறதா என்பதில் ஒரு கண் இருக்கட்டும். வழியில் நுங்கு வாங்கினால் மசித்துக் கொடுங்கள், முழுச் சுளை தொண்டையில் அடைக்கும்.

மறுநாள் மீன்காரம்மா வந்ததும் கூடைக்குப் பக்கத்தில் மறுபடியும் உட்காருங்கள். "நேத்து இது என்ன பண்ணுச்சு?" என்று கேளுங்கள். சில பிள்ளை வாயால் சொல்லும், சில பிள்ளை கையை ஆட்டிக் காட்டும், சில பிள்ளை பல நாள் கழித்துக் குளிக்கும்போது சொல்லும். மூன்றும் சரிதான்.

ராமேஸ்வரம் பக்கத்தில் பேய்க்கரும்பில் இருக்கும் அப்துல் கலாம் நினைவிடத்துக்கும் போகலாமா என்று கேட்கிறார்கள். 2017 ஜூலை 27-இல் திறந்த இடம், அழகான இடம்தான். ஆனால் உள்ளே இருப்பது படங்களும் அவருடைய வாழ்க்கைக் கதையும். கதை கேட்கிற வயது, அதாவது ஐந்து ஆறு வயது வரட்டும். இப்போதே போவதென்றால் ஏவுகணை மாதிரியைக் காட்டிவிட்டு வெளியே புல்வெளிப் பக்கம் வந்துவிடுங்கள். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் வெளியே எந்த இடத்தில் சேருவது என்று நுழைவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.