ரோல்-பி பேண்டு வந்துவிட்டால் போதுமா? ஹேரி ரூட் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பாக்டீரியா தன் மரபணுக்களைச் செடிக்குள் ஏற்றுவதால் முளைக்கும் வேர்தான் ஹேரி ரூட். போன வாரம் புதிதாகச் சேர்ந்த மாணவி, டிஎன்ஏ துண்டுகளைப் பிரித்துக் காட்டும் ஜெல் படத்தோடு ஓடி வந்தாள். எட்டு வேரிலும், அந்த மரபணுக்களில் ஒன்றான ரோல்-பி இருப்பதைக் காட்டும் கோடு, அதாவது பேண்டு, பளிச்சென்று இருந்தது. "எட்டுமே ஜீன் ஏறின வேர்தானே மேடம்?" பல வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நம்பினேன். வேர் வளரும் சத்து ஊடகத்தை ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்குவது போன்ற பாலபாடங்களை விட்டுவிடுகிறேன்.

பாக்டீரியாவின் பேண்டைச் செடியின் பேண்டாக நம்புவது

அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் தன் ஆர்ஐ பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏவிலிருந்து டி-டிஎன்ஏ என்ற துண்டைச் செடியின் செல்லுக்குள் செலுத்துகிறது. ரோல் மரபணுக்கள் இருப்பது அந்தத் துண்டில். சரி, ஆனால் வேரில் பாக்டீரியா உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதே பேண்டுதான் வரும். பாக்டீரியாவை ஏற்றக் கீறிய இலையில், ஜீன் ஏறாத சாதாரண வேரும் முளைக்கும்.

நித்யகல்யாணியில் நான்கு மாதம் உழைத்தேன். பாக்டீரியாவைக் கொல்லும் செஃபோடாக்சிம் மருந்து கலந்த ஊடகத்தில் வேர்கள் வெள்ளைவெளேரென்று கிளைத்தன. வேரிலுள்ள ஆல்கலாய்டு என்ற மருந்துப் பொருள்களை அளக்க ஹெச்பிஎல்சி கருவிச் சோதனைக்குப் பணமும் கட்டியாயிற்று. மருந்தில்லாத ஊடகத்துக்கு மாற்றிய மூன்றாம் நாள், வேர்நுனியைச் சுற்றிக் கஞ்சித்தண்ணீர் போல ஒரு படலம். அப்புறம்தான் பாக்டீரியாவின் விர்-டி மரபணுவைத் தேடிப் பெருக்க உதவும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமரைப் போட்டுப் பார்த்தேன். எல்லா வேரிலும் பேண்டு! விர் மரபணுக்கள் டி-டிஎன்ஏவுக்கு வெளியே இருப்பவை, அவை செடியின் மரபணுத் தொகுதியில் சேர்வதில்லை. அந்தப் பேண்டு தெரிந்தால் பாக்டீரியா இன்னும் கூடவே இருக்கிறது. எந்த வேர் மாறியது, எது மாறவில்லை என்று சொல்ல வழியில்லாமல் மொத்தத்தையும் கொட்டினேன். அந்த பிரைமர் முதல் நாளிலிருந்தே ஃப்ரீசரில் கிடந்தது. அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

ரோல்-பி வர வேண்டும், விர்-டி வரக் கூடாது. இரண்டையும் ஒரே டிஎன்ஏவில் பாருங்கள். பிரைமர் வேலை செய்கிறதா என்று தெரிய, பாக்டீரியா டிஎன்ஏவையும் ஒரு லேனில் ஓட்டுங்கள். மாணவியும் ஓட்டினாள். எட்டில் மூன்றுதான் தேறின.

வேர்களைக் கலந்து வளர்ப்பது

கூடாது. டி-டிஎன்ஏ உட்காரும் இடமும் பிரதிகளின் எண்ணிக்கையும் வேருக்கு வேர் மாறும். ஒன்று வேகமாகக் கிளைக்கும், இன்னொன்றில் ஆல்கலாய்டு கூடும்.

மருந்து ஊடகத்திலேயே எடை பார்ப்பது

செஃபோடாக்சிமே சில செடிகளின் வளர்ச்சியைத் தூண்டும், அதனால் அந்த எடையை நம்ப முடியாது.

வேரில் வின்பிளாஸ்டின் தேடுவது

நித்யகல்யாணி ஹேரி ரூட்டில் அஜ்மாலிசின், கேதரந்தின் போன்ற ஆல்கலாய்டுகள் எல்லாம் கிடைக்கும். புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினுக்குக் கேதரந்தினோடு விண்டோலின் என்ற இன்னொரு ஆல்கலாய்டும் சேர வேண்டும். விண்டோலினின் கடைசிப் படிகள் இலையின் சில தனிவகை செல்களில் நடப்பவை. ரோல் மரபணு வேரை எத்தனை கிளை விட வைத்தாலும் அந்த செல்கள் வேரில் வராது.