கார் இல்லாத பாதையில் பர்கண்டி: ஷலோனிலிருந்து மாக்கோன் வரை சைக்கிளில்

சைக்கிள் வரைபடத்தில் கோடு போட்டிருந்தால் அங்கே கார் வராது என்று நம்பித்தான் பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் என் முதல் நெடும்பயணத்துக்குக் கிளம்பினேன். பின்சக்கரத்தின் இரு பக்கமும் பை தொங்க, லாரிகள் கைப்பிடியை உரசுவதுபோல் கடந்து போக, ஆறு கிலோமீட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். வரைபடத்தில் தப்பு ஏதும் இல்லை. இரண்டு பிரெஞ்சுச் சொற்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் எனக்குத்தான் தெரியவில்லை.

அடுத்த வருஷம் அதே பர்கண்டிக்குப் போய், இரண்டு நாளில் கிட்டத்தட்ட முழுக்கக் கார் இல்லாமல் ஓட்டினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பஞ்சர் ஒட்டுவது, கியர் மாற்றுவது பற்றியெல்லாம் இதில் இருக்காது. ஒரு நாளைக்கு ஐம்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட முடிந்தால் போதும்.

படி 1: இரண்டு சொற்களைப் பிரித்தறியுங்கள்

'வுவா வெர்த்' என்றால் பசுமைப் பாதை. நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், குதிரையில் போகிறவர்கள் மட்டுமே போகலாம். மோட்டார் வண்டிக்கு இடமில்லை. 2004-இல் இது பிரான்ஸின் சாலை விதித் தொகுப்பிலேயே சேர்க்கப்பட்டது.

'வேலோரூத்' வேறு. அது நீண்டதூர சைக்கிள் வழித்தடம், அவ்வளவுதான். கொஞ்ச தூரம் பசுமைப் பாதையில் போகும், கொஞ்ச தூரம் கால்வாய்க் கரையில் போகும், அப்புறம் சத்தமில்லாமல் கார் ஓடும் கிராமச் சாலையில் ஏறிவிடும். யூரோவேலோ 6 போன்ற பேர்பெற்ற தடங்களும் இப்படித்தான். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்: வேலோரூத் என்று எழுதியிருந்ததை வுவா வெர்த் என்று படித்துக்கொண்டேன்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? இணையத்திலிருந்து இறக்கிய ஜிபிஎக்ஸ் கோப்பை (வழித்தடம் பதிந்த கோப்பு) அப்படியே நம்ப வேண்டாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அடிப்படையிலான ஏதாவது வரைபடத்தில் திறந்து, ஊர் ஊராகப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு 'D' என்ற எழுத்தும் எண்ணும் உள்ள சாலையின் மேலேயே படிந்திருந்தால் அது மாவட்டச் சாலை, கார் உண்டு. சாலையை விட்டு விலகி, நீண்ட மெதுவான வளைவுகளோடு தனியாகப் போனால் பெரும்பாலும் அது பழைய ரயில் தடம், நமக்கு வேண்டியதும் அதுதான். இன்னொரு தந்திரம்: ரயிலே வராத ஊரில் 'ரூ த லா கார்', அதாவது ரயில் நிலையத் தெரு, என்று ஒரு தெரு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அங்கே ஒரு காலத்தில் ரயில் ஓடியிருக்கிறது. பல ஊர்களில் பசுமைப் பாதை அந்தத் தெருவின் முனையிலிருந்தே தொடங்கும்.

இந்தப் பயணத்தில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது D981. அது நம் பாதையை ஒட்டியே வெகுதூரம் வருகிறது. கைப்பேசிச் செயலியில் 'ரோடு பைக்' என்று தேர்ந்தெடுத்தால், இதுதான் வேகமான வழி என்று உங்களை அதில் தள்ளிவிடும். 'டூரிங்' என்று மாற்றிவிட்டு மறுபடியும் கண்ணால் பாருங்கள். நான் கோமூட் செயலியில் திட்டமிடுவேன், ஓட்டும்போது ஆஸ்மாண்ட் செயலியில் பார்ப்பேன். கூகுள் வரைபடத்தை பேக்கரி தேட மட்டும் வைத்துக்கொள்வேன்.

படி 2: ஏன் இந்தப் பாதை

ஷலோன்-சுர்-சோன் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர். கைவிடப்பட்ட ரயில் தடத்தின் மேல் 1997-இல் திறந்தார்கள். பிரான்ஸின் முதல் வுவா வெர்த் இதுதான். பிறகு தெற்கே மாக்கோன் பக்கம் நீட்டினார்கள்.

சுற்றிலும் மேடும் பள்ளமுமான நாடு. ஆனால் நீராவி ரயிலால் செங்குத்தாக ஏற முடியாதே! அதனால் தடம் போட்ட பொறியாளர்கள் குன்றுகளுக்கு நடுவே சமமான வழியைத் தேடிக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் பட்ட பாட்டின் பலன் இன்று நம் முழங்காலுக்கு. தார் போட்ட பாதை என்பதால் தடித்த டயர் தேவையில்லை. 35 மில்லிமீட்டர் போதும். மலைச் சைக்கிளில் வந்து உருட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

படி 3: ரயில்

பாரிஸிலிருந்து வந்தால் ஷலோனுக்கு டிஇஆர் என்ற பிராந்திய ரயிலில் வாருங்கள். மெதுவான வண்டிதான், ஆனால் சைக்கிளைக் கழற்றாமல் ஏற்றலாம். டிஜிவி என்ற அதிவேக ரயிலில் பல நேரம் சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட வேண்டியிருக்கும். டிஇஆர் கிளம்புவது பெர்சி நிலையத்திலிருந்து. பழக்கதோஷத்தில் பக்கத்திலுள்ள 'கார் த லியோன்' என்ற பெரிய நிலையத்துக்குப் போய் நிற்காதீர்கள்.

படி 4: முதல் நாள், ஷலோன் – க்ளூனி

சுமார் 55 கிலோமீட்டர். ஷலோனை விட்டு வெளியேறும் வரைதான் அறிவிப்புப் பலகைகளைக் கவனிக்க வேண்டும். (ஒளிப்படக் கலையைக் கண்டுபிடித்த நியெப்ஸ் பிறந்த ஊர் இது. அவர் பெயரில் அருங்காட்சியகம் உண்டு. ரயில் சீக்கிரம் வந்துவிட்டால் எட்டிப் பாருங்கள்.) ஜிவ்ரியைத் தாண்டியதும் திராட்சைத் தோட்டங்கள். அப்புறம் புஸ்ஸி, எழுத்தில் 'எக்ஸ்' இருந்தாலும் உச்சரிப்பது இப்படித்தான். சேன் ஜங்கூவுக்குப் பிறகு கொடிகள் குறைந்து புல்வெளி வரும், வேலியோரம் வெள்ளை வெளேரென்று ஷாரொலே மாடுகள். மூக்கை நீட்டிக்கொண்டு நம்மையே பார்க்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மதியம் பன்னிரண்டரைக்குச் சின்ன ஊர்க் கடைகளில் கதவடைப்பு, திங்கட்கிழமையானால் நாள் முழுக்கவே பல கடைகள் மூடியிருக்கும். நான் போனது ஒரு திங்கட்கிழமை. முந்தின இரவு கட்டிய புளிச்சாதம் காப்பாற்றியது. தண்ணீருக்கு, ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குழாய் இருக்கும். 'நோன் பொத்தாப்ல்' என்ற பலகை இருந்தால் குடிக்காதீர்கள்.

சாலையைக் கடக்கும் இடங்களில் முன்னுரிமை கார்களுக்குத்தான். இறங்கி நின்று, பார்த்து, போங்கள். மோட்டார் வண்டி நுழையாமல் இருக்க வைத்த தடுப்புகளில் பக்கவாட்டுப் பை இடிக்கும். என் இடப்பக்கப் பையில் இன்னும் அந்தக் கீறல் இருக்கிறது.

க்ளூனியில் கேம்பிங்கும் உண்டு, அறைகளும் உண்டு. 'அக்கேய் வேலோ' அடையாளம் உள்ள விடுதியாகப் பாருங்கள். சைக்கிள் தடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும், வண்டியைப் பூட்டி வைக்க இடம் தருவார்கள். மாலையில் ஊரிலுள்ள பழைய கிறிஸ்தவத் துறவிகள் மடத்தைப் பாருங்கள். 910-இல் நிறுவப்பட்டது, 1088-இல் கட்டத் தொடங்கிய அதன் மூன்றாவது தேவாலயம் 187 மீட்டர் நீளம். ரோமில் இன்றைய புனித பேதுரு தேவாலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகில் இதைவிடப் பெரிது இருந்ததில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கல்லுக்காக விற்று இடித்துவிட்டார்கள். எஞ்சியிருக்கும் ஒரு கையளவு சிறகுப் பகுதிக்குள் நின்று அண்ணாந்து பார்த்தாலே கழுத்து வலிக்கிறது.

படி 5: இரண்டாம் நாள், சுரங்கம்

க்ளூனியிலிருந்து மாக்கோன் சுமார் 25 கிலோமீட்டர்தான். பாதை மெல்ல ஏறி புவா கிளேர் சுரங்கத்துக்குள் நுழையும். 1.6 கிலோமீட்டர் நீளம். ஆகஸ்ட் வெயிலில் வியர்த்து வழிய நுழைந்தேன். நூறு மீட்டர் போவதற்குள் முதுகு சில்லிட்டது. கூரையிலிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர். எதிரே வரும் குழந்தைகள் எதிரொலிக்காகவே கத்துவார்கள். உள்ளே விளக்கு உண்டு, ஆனாலும் உங்கள் விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டையைப் பைக்கு அடியில் வைக்காமல் மேலேயே வையுங்கள். வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. நின்று துடைத்துவிட்டு நிமிர்ந்தால் மறுபடியும் திராட்சைச் சரிவுகள். அங்கிருந்து இறக்கம், பெடலை மிதிக்கவே வேண்டாம்.

கடைசியில் மாக்கோன் நகருக்குள் கொஞ்ச தூரம் கார்களோடுதான் போக வேண்டும். அதைத் தவிர்க்க எனக்கு வழி கிடைக்கவில்லை. திரும்பும் ரயிலுக்கு மாக்கோன்-வில் நிலையம் போங்கள். மாக்கோன்-லோஷே டிஜிவி நகருக்கு வெளியே இருக்கும் வேறு நிலையம். பெயரைப் பாதி படித்துவிட்டு நான் போனது அதற்குத்தான்.

பின்சேர்க்கை

மார்ச் மாதம் போன ஒரு வாசகர் சுரங்கக் கதவு பூட்டியிருந்தது என்று எழுதினார். நான் சொல்லாமல் விட்டுவிட்டேன், மன்னிக்கவும். குளிர்காலத்தில் உள்ளே வௌவால்கள் உறங்குவதால் மூடிவிடுவார்கள். அப்போது மேலே கணவாய் வழியாகச் சுற்ற வேண்டும், நல்ல ஏற்றம். மே, ஜூன், செப்டம்பர் எதிலாவது போங்கள்.

குழந்தையை இழுவண்டியில் வைத்து ஓட்டலாமா என்று இன்னொருவர் கேட்டார். பாதை அகலம், தாராளமாக ஓட்டலாம். தடுப்புகளில்தான் சிக்கல்: இழுவண்டியைக் கழற்றாமல் ஒரே மூச்சில் திருப்பப் பார்த்து ஒரு அப்பா சக்கரத்தை மாட்டிக்கொண்டதைப் பார்த்தேன். நாலு பேர் சேர்ந்து தூக்கினோம், குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது.